கோலி சூரியநெல்லிக்குப் போகிறானா?

மச்சான்,

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சில எழுத்து மேட்டில் ஏறி நிற்கிறது, சில எழுத்து பள்ளத்தில் உருண்டு கிடக்கிறது. தேயிலைச் சரிவில் பந்து விளையாடி வளர்ந்தவன் கை வேறு எப்படி எழுதும்? நாலு வரி சேர்ந்தாற்போல எழுதினால் விரல் மரத்துப்போகிறது. எழுத்து வகுப்பு டீச்சர், "மெதுவா எழுதுங்க தாத்தா, அவசரமில்ல" என்கிறாள். இந்த ஒரு மடலுக்கு மட்டும் எனக்கு அவசரம் இருக்கிறது. அதை அவளிடம் சொல்ல முடியாது.

காலையில் குளிர் தாங்கவில்லை. உன் சம்சாரம் கொடுத்த உன் மஞ்சள் மப்ளரை எடுத்துக் கழுத்தில் சுற்றினேன். எத்தனை தடவை துவைத்தும் அதில் டீசல் வாசம் போகவில்லை. கொழுந்து டிராக்டரை டீக்கடை முன்னால் நிறுத்தி, இன்ஜினைக்கூட அணைக்காமல், "சேதி தெரியுமாலே?" என்று கத்திக்கொண்டே நீ குதிப்பாயே, அந்த வாசம். அது மூக்கில் ஏறியதும், நான் நெஞ்சுக்குள் அடைத்து வைத்திருந்த சேதி முட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது.

மச்சான், என்னிடம் ஒரு சேதி இருக்கிறது. நம் தோட்ட டிவிஷனில் சம்பந்தப்பட்டவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத சேதி. உயிரோடு இருக்கிற ஒருவரிடமும் சொல்லமாட்டேன் என்று ஒரு அம்மாளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீ அந்தக் கணக்கில் வரமாட்டாய் என்று நினைக்கிறேன்.

வாயால் சொல்ல வழியில்லை. வரிசை வீடுகளுக்கு நடுவே நம் லயத்துச் சுவர் எப்படி என்று உனக்குத் தெரியும். நான் இங்கே தும்மினால் அந்தக் கடைசி வீட்டிலிருந்து "நூறாயுசு" என்று குரல் வரும். உன்னைப் புதைத்த இடத்துக்கு வந்து சொல்லலாம் என்றால் அங்கே சுற்றிலும் கொழுந்து எடுக்கிற பெண்கள். எழுதினால் சத்தம் வராது. என் வீட்டுக்காரிக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது என்பது ஒரு பாதுகாப்பு. அவளும் வகுப்பில் சேரப்போவதாகச் சொல்கிறாள். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

சேதி நம் டீமின் கோல்கீப்பர், கோலி கார்த்தியைப் பற்றியது. கோல் போஸ்ட்டில் அவன் நிற்க ஆரம்பித்த பிறகுதான் பள்ளிவாசல் எஸ்டேட் பக்கம் நம் டீமுக்கு ஒரு மரியாதை வந்தது என்று நீயே சொல்வாய். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது; இதுவரை எல்லோருக்கும் தெரியும். பெண் யார் என்று கேள். சூரியநெல்லி டீமின் செகரட்டரி தங்கராசு இருக்கிறாரே, மீசைக்காரர், அவர் மகள் சுகன்யா!

கடையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. நம் தோட்டங்களில் கல்யாணம் என்றால் என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண் பேரில் வேலை இருந்தால் பெண் பேரில் வீடு இருக்கும். மாப்பிள்ளை மூட்டையைக் கட்டிக்கொண்டு அந்த லயத்துக்குப் போவான். வேலைப் பதிவேட்டில் பேர் எந்த டிவிஷனில் இருக்கிறதோ அந்த டீமில்தான் ஆட்டம். பெரிய டீம்கள் கோடிகளைக் கொட்டி ஆள் பிடிக்கின்றன. நாம் தாலி கட்டிப் பிடிக்கிறோம்.

அந்த வேலையை நம் பக்கத்தில் தொடங்கி வைத்ததே நீதான். மாட்டுப்பட்டி டீமின் ஃபார்வேர்ட் இடது காலால் அடித்த ஒரு கோலைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே உன் தங்கச்சிக்கு அவனைப் பேசி முடித்தாய். "மாப்ள பாக்கலடா, ஃபார்வேர்ட் பாத்துருக்கேன்" என்று கடை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அவன் வந்தான், தாலி கட்டினான், ஒரு பசுமாடு வாங்கினான். சாயங்கால ஆட்டமும் பால் கறக்கிற நேரமும் ஒன்றாக வந்தது. அவன் பந்தைவிட மாட்டைப் பெரிதாக நினைத்தான். டீக்கடை மணி உன்னை விட்டானா?

"கோல் அடிப்பான்னு கூட்டிட்டு வந்தீரு. இந்தாரும், பால் கறக்கான்."

"குடிக்கிற டீ கெட்டியா இருக்கா இல்லியா? இருக்குன்னா வாய மூடும்" என்றாய் நீ. உன் தங்கச்சி சந்தோசமாக இருந்தாள். அதனால் உனக்குத் தோல்வியே தெரியவில்லை.

உன் வாயைத்தான் மச்சான் நான் தேடுகிறேன். நீ பத்திரிகையை விரித்து வைத்து, மலையாளத்தில் இருந்ததைத் தமிழில் எங்களுக்குச் சொல்வாய். எந்த ஆட்டக்காரன் கோச்சோடு சண்டை, எவன் சம்சாரம் எந்த ஊருக்கு வரமாட்டேன் என்கிறாள், மலையாளத்து மஞ்சள் ஜெர்சி டீமை யார் வாங்கப்போகிறார்கள், எல்லாம் வரும். இப்போது தமிழ்ப் பத்திரிகையை நானே எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். பத்திரிகையில் சேதி சின்னதாகத்தான் இருக்கிறது. நீ வாசித்தபோது எப்படி அத்தனை நீளமாக இருந்தது?

இங்கிலாந்தில் ஒரு டீமை ஏதோ அரபு ராஜகுடும்பம் வாங்கிவிட்டது என்று நீ வாசித்த அன்று மணிக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு தேசத்தையே வச்சிருக்கவனுக்கு டீம் எதுக்கு?"

"தேசத்துல கோல் விழாதுல்லா? அவனுக்கும் பொழுது போகணும்ல."

"அப்ப அந்த ஊருக்காரன் என்ன செய்வான்? அவன் டீம்லா அது?" என்று நான் கேட்டேன்.

நீ டீ கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னாய்: "ஓனர் மாறுவான், கோச்சு மாறுவான், ஜெர்சி மாறும். ஊருக்காரன் தொண்ட மட்டும் அவனுது. அத எவனும் வாங்க முடியாது."

பிறகு நம் டீமையும் ரிசார்ட் முதலாளி எடுத்துக்கொண்டார். ஜெர்சியில் தன் ரிசார்ட் படத்தைப் போட்டுக் கொடுத்தார். கார்த்தி அதைப் போட்டு நின்றதும் நீ கத்தினாயே, "ஏலே, நெஞ்சுல நீச்சல்குளத்த வச்சிட்டு நிக்கான், பந்து நனைஞ்சிராம பாத்துக்கோ" என்று. முதலாளியும் சேர்ந்து சிரித்தார். நல்ல மனுசன்தான். ஆஃப்சைடு மட்டும் இன்னும் புரியவில்லை.

நிச்சயதார்த்தத்துக்குச் சூரியநெல்லி போனோம். கார்த்தியின் அப்பா அதிகம் பேசாதவர். அதனால் பேசுவதற்கு என்னைப் பெரிய மனுசனாக அழைத்துப்போனார்கள். நீ இருந்திருந்தால் அந்த இடம் உன்னுடையது. தட்டு மாற்றி முடிந்தது. தங்கராசு மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. கல்யாணம் முடிஞ்சதும் மாப்ள நம்ம ஃபாக்டரிக்கு வாராரு. பேரு மாத்த நானே மேனேஜர்கிட்ட பேசுதேன். அடுத்த சீசன்ல சூரியநெல்லி போஸ்ட்டுல மாப்ளதான்!"

அவர் ஆட்கள் விசில் அடித்தார்கள், மச்சான். நிச்சயதார்த்தத்தில் விசில்! கார்த்தி தலையைக் குனிந்துகொண்டான். நான் விடவில்லை.

"ஒங்க டீம் கோலி ஒங்க மவன்லா தம்பி? அவன எங்க நிறுத்துவீக?"

"அவன ஃபார்வேர்ட் ஆக்கிருவேன்."

வாசலோரம் நின்றிருந்த மகன் முகம் வெளுத்துப்போயிற்று. ஆள் கதவளவு இருப்பான். "அப்பா, எனக்கு ஓட வராது" என்றான்.

"வரும்ல. வர வைப்பேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன பெரியவரே, மாட்டுப்பட்டிக்காரன நீங்க கொண்டு போகலயா? அப்ப இனிச்சுது, இப்ப கசக்குதோ?"

எல்லாம் நீ செய்த வேலை. உன்னை மனசுக்குள் திட்டிக்கொண்டே ஒரு வெற்றிலையை எடுத்து மடித்தேன்.

மாத்திரை போட வெந்நீர் கேட்டு அடுப்படிப் பக்கம் போனேன். தங்கராசுவின் சம்சாரம் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பட்டுச்சேலையோடு சுகன்யா முந்திரி வறுத்துக்கொண்டிருந்தாள். அம்மா கரண்டியை வைத்துவிட்டு, வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணே, அவரு பேசட்டும். அவரு டீமுக்குத்தான் செகரட்டரி. எம் மவன் அந்த ரெண்டு கம்புக்கு நடுவுலதான் நிமிந்து நிக்கான். அவன ஓரமா உக்கார வச்சிட்டு மருமவன நிறுத்துனா, ரெண்டு பேருக்கும் ஒரே தட்டுல நான் எப்படிச் சோறு வைப்பேன்?"

"அப்ப என்ன செய்யப் போறீக தாயி?"

"மாப்ள எங்கயும் வர வேண்டாம். எம் மவ ஒங்க லயத்துக்கு வாரா. ஒரே கம்பெனிதான? பேரு மாத்தித் தரச் சொல்லி நானும் இவளும் மேனேஜரப் பாத்துப் பேசிட்டோம். அவரும் சரின்னுட்டாரு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். சுகன்யா சிரித்தாள்.

"தாத்தா, அவுக எங்க டீமுக்கு வந்துட்டா நான் யாரத் திட்டுவேன்?"

அப்போதுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது, மச்சான். சூரியநெல்லி ஆட்டங்களில் நம் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்று, "ஏய் ஓட்டக் கையா, பந்து வருது, கண்ண மூடிக்கோ" என்று கத்தும் பெண் உண்டே, நீகூட "இவளுக்கு ஒரு ஜெர்சி குடுங்கடே" என்றாயே, அவளேதான். நம் கோலியைத் திட்டித் திட்டியே பிடித்திருக்கிறாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த பந்தை அவன் பறந்து பிடிப்பானாம்.

"எங்க லயத்துக்கு வந்தப்புறம் எங்க டீமுக்குத்தான கை தட்டணும்?" என்று கேட்டேன்.

"அது மட்டும் நடக்காது. ஒங்க லயத்துல குடியிருப்பேன். கத்துறது சூரியநெல்லிக்குத்தான்."

அம்மா என்னிடம் வாக்கு வாங்கினாள். "கல்யாணம் முடியிற வரைக்கும் உசுரோட இருக்குற ஒருத்தருக்கும் தெரியக் கூடாது அண்ணே. கோலி கெடச்ச சந்தோசத்துல பந்தலு, மேளம் எல்லாம் பெருசா சொல்லிருக்காரு. இப்ப தெரிஞ்சா மனுசன் போர்வைய இழுத்துப் போத்திட்டு படுத்துருவாரு."

கூடத்துக்கு வந்து பார்த்தேன். கார்த்தி இன்னும் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். எல்லாம் முன்னாலேயே தெரிந்து, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான் பயல்.

நீயாக இருந்தால் திரும்பும் வழியில் ஜீப் சின்னக்கானல் தாண்டுவதற்குள் வெடித்திருப்பாய். "சேதிய மொதல்ல சொன்னவந்தான் சேதிக்கு ஓனரு" என்பது உன் சட்டம். உன்னோடு டீ குடித்த காலமெல்லாம் ஒரு சேதிக்குக்கூட நான் ஓனர் ஆனதில்லை. எதைச் சொன்னாலும் "அது எனக்கு நேத்தே தெரியும்" என்பாய். இதைச் சொல் பார்ப்போம், நேற்றே தெரியுமா?

நேற்று கடையில் எனக்குப் பெரிய சோதனை. முதலாளி வந்தார். முகத்தில் களையில்லை. கார்த்தி போனால் டீமையே விட்டுவிடலாம் என்று நினைக்கிறாராம். மணி அடுப்பைக்கூடக் கவனிக்காமல் நின்றான். டீமை அவர் விட்டால் வண்டி இல்லை, பூட்ஸ் இல்லை, போட்டிக்குப் பேர் கொடுக்க ஆள் இல்லை. எல்லோர் முகமும் தொங்கிப்போயிற்று. நிச்சயத்துக்குப் போனவனுக்கு ஏதாவது தெரியுமா என்று முதலாளி தன் மலையாளத்தில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அப்பூப்பா, நிச்சயத்தினு போயதல்லே? எந்தெங்கிலும் அறியாமோ?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, மச்சான். சூடான டீயை ஒரே மடக்காகக் குடித்து அதைக் கீழே தள்ளினேன். தொண்டை வெந்துபோயிற்று.

"எனக்கு என்ன தெரியும் முதலாளி? ஆனா ஒண்ணு. கல்யாணத்துக்கு வாங்க. பந்தியில உக்காந்து ஒரு வாய் சாப்பிடுங்க. அப்புறம் டீம விடுறதா வச்சிக்கிறதான்னு முடிவு பண்ணுங்க. சாப்பாட்டுக்கு முன்னால எடுக்குற முடிவு எதுவும் நல்லா இருக்காது."

அவர் யோசித்தார். பிறகு, கல்யாணம் முடியட்டும் என்று சிரித்துவிட்டார். "செரி, கல்யாணம் கழியட்டே."

"எழுத்துப் படிச்சாலும் படிச்சாரு, முதலாளிக்கே உத்தரவு போடுதாரு" என்றான் மணி. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன்.

நல்ல சேதி ஏதாவது காதில் விழுந்தால் என் கால் இன்னும் உன் டிராக்டர் நிற்கிற வளைவுக்குத்தான் திரும்புகிறது. அங்கே போய் நின்ற பிறகுதான் ஞாபகம் வருகிறது. முன்னெல்லாம் அப்படி நின்றுவிட்டு வெறும் வாயோடு திரும்புவேன். இப்போது வீட்டுக்கு வந்து பேனாவைத் திறக்கிறேன். உன்னிடம் பேசுகிற சந்தோசத்தில் முக்கால்வாசி எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. இந்த வயதில் வேறென்ன வேண்டும்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை நமக்கும் சூரியநெல்லிக்கும் ஆட்டம். இந்தப் பக்கம் போஸ்ட்டில் கார்த்தி, அந்தப் பக்கம் போஸ்ட்டில் அவனுக்கு வரப்போகிற மச்சினன். நம் போஸ்ட்டுக்குப் பின்னால் சுகன்யா நிற்பாள் என்று எல்லோருக்கும் தெரியும். தங்கராசு எந்தப் பக்கம் கை தட்டுவார் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை எழுத உட்காருவேன். என் வேகத்துக்கு முதல் பாதி முடியவே புதன் ஆகிவிடும், கடைசி விசில் சனிக்கிழமைதான். அதற்குள் இங்கிருந்து யாராவது அங்கே வந்து சேர்ந்தால், தயவுசெய்து அவர்களிடம் ஸ்கோர் கேட்டுவிடாதே.