பிரிக்காத பால் டின்

மச்சான்,

போகிக்கு வீட்டை ஒழித்துக்கொண்டிருந்த உன் அக்கா, பீரோ மேலிருந்து அந்தப் பால் டின்னை இறக்கினாள். உன் பெட்டியோடு சிங்கப்பூரிலிருந்து வந்த டின். இன்னும் பிரிக்கவில்லை. முந்தானையால் தூசியைத் துடைத்து, அடியில் போட்டிருந்த தேதியைப் பார்த்தாள். "டேட்டு முடிஞ்சி ரெண்டு வருஷம் ஆவுதுங்க. போட்டுடட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குக் காரணம் தெரியும். உனக்குத்தான் தெரியாது. உன்னிடம் நான் சொன்ன ஒரு பொய், இவ்வளவு நாளாக அந்த டின்னுக்குள் கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பாப்பா பிறந்தது கடலூரில், உங்கள் வீட்டில். மாமனார் மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு தாய்வீடென்று உன் அக்காவுக்கு மிச்சமிருந்தது நீ ஒருவன்தான். பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு உடம்பு மோசமாகி, சாப்பிடுகிற மாத்திரைக்குத் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்று டாக்டரே நிறுத்திவிட்டார். பவுடர் பால்தான் என்றானது. சிதம்பரத்தில் பொரிக்கடையை ஆளிடம் விட்டுவிட்டு நானும் அங்கேயே கிடந்தேன். பால் கலக்குவது என் வேலை. குடித்த கொஞ்ச நேரத்தில் பாப்பா காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் சிவக்க அழுவாள். தொட்டால் வயிறு விறைத்திருக்கும். எதிர்வீட்டு அம்மா, தூக்கியதில் சுளுக்கி உரம் விழுந்திருக்கும் என்று முறத்தில் போட்டுப் புடைக்கச் சொன்னார். அந்த அழுகையைப் போனில் கேட்டுவிட்டுத்தான் நீ லீவு போட்டு வந்தாய்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவன் பெட்டியில் சென்ட்டும் சாக்லேட்டும் இருக்கும். உன் பெட்டியில் மூன்று டின் ஆட்டுப் பால் பவுடர் இருந்தது. நசுங்காமல் இருக்கச் சுற்றிலும் உன் கைலிகள்.

"என்னடா மச்சான், தாய்மாமன் சீரா இது? ஆட்டையே ஓட்டியாந்திருக்கலாமே!"

"ஆட்டுக்கு டிக்கெட் போட மாட்டேன்னுட்டான் மாமா. எங்க சூப்பர்வைசர் கொழந்தைக்கு இதான் குடுக்குறாங்களாம். வயித்துக்கு லேசா இருக்குதாம்."

அப்படியும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை நீ. டின்னைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனாய். அந்த டாக்டரம்மா எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, பிறந்த குழந்தைக்கென்றே தயாரித்ததுதான், கொடுக்கலாம், கறந்த ஆட்டுப் பாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள் என்றார். முதல் இரண்டு நாள் நீயே கலக்கிப் பாலாடையில் புகட்டினாய். பாப்பா காலை நீட்டித் தூங்கினாள். மூன்றாம் நாள் குறிஞ்சிப்பாடியில் கூட்டாளி கல்யாண வேலை, நாலைந்து நாள் ஆகும் என்று நீ போனதும், பாலாடை மறுபடி என் கைக்கு வந்தது.

அடுத்த நாலு நாள் பாப்பா வெளிக்கே போகவில்லை. முக்கி முக்கி அழுது, கடைசியில் போனது புழுக்கை புழுக்கையாக, ரத்தம் கீற்றாகத் தெரிய. குழந்தை பார்க்க வந்திருந்த சொந்தக்காரர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணத்திலிருந்து நீ அப்போதுதான் உள்ளே நுழைந்தாய். எனக்குக் கோபம் வந்தால் நாக்குக்கு எலும்பு கிடையாது, உனக்கே தெரியும்.

"ஆட்டுப் பாலக் குடுத்தா ஆட்டுப் புழுக்கதான்டா வரும்! உன் சீரும் வேணாம், ஒண்ணும் வேணாம். எம்புள்ள வயித்தக் கெடுத்துட்ட!"

நீ கழற்றிய செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாய். "நல்லதுக்குத்தான் மாமா கொண்டாந்தேன்" என்றாய். லீவு இன்னும் பத்து நாள் இருந்தது. வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி மூன்றாம் நாளே கிளம்பிவிட்டாய்.

நீ ஏறிய மறுநாள், வேறு பால் எழுதி வாங்கலாம் என்று அந்த டின்னோடு பாப்பாவை டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர், "என் முன்னால ஒரு தடவ கலக்கிக் காட்டுங்க" என்றார். டின்னுக்குள் ஸ்பூனை விட்டு எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுவா ஒரு ஸ்பூன்?"

மச்சான், இருபது வருஷமாகப் படியில் பொரி அளக்கிறவன் நான். தலை தட்டி அளந்தால் கஞ்சத்தனம், கோபுரமாக அளந்தால்தான் கை நிறைவு என்று வளர்ந்தவன். ஊரானுக்கே கோபுரமாக அளக்கிறவன் பெற்ற பெண்ணுக்குத் தட்டியா போடுவேன்? டாக்டர் கத்தி முதுகால் வழித்துவிட்டார். கிட்டத்தட்டப் பாதி, டின்னுக்குள்ளேயே விழுந்தது. "பவுடர் கூடிட்டா கொழந்தைக்குத் தண்ணி பத்தாது, இறுகிடும். ஆட்டுப் பாலோ மாட்டுப் பாலோ, எதுவா இருந்தாலும் இதேதான். இதுக்கு முன்னால குடுத்த பாலயும் நீங்கதான் கலக்கினீங்களா?" என்றார். உன் அக்கா என்னைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து வழித்து வழித்துப் போட்டேன். ஒரு வாரத்தில் வயிறு இளகி, பாப்பா சிரிக்க ஆரம்பித்தாள். "தம்பிகிட்ட நான் சொல்ல மாட்டேன். நாலு பேர் முன்னால கத்துனது நீங்க, நீங்கதான் சொல்லணும்" என்றாள் உன் அக்கா. சரி என்றேன்.

ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் வந்தாய். தலையில் ஹெல்மெட், கையில் பொட்டலம்.

"பாப்பா வயிறு எப்படி இருக்குது மாமா?"

"இப்பப் பரவால்ல."

"பால மாத்திட்டீங்களா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். மாமன் என்கிற வீம்பு வாயை அடைத்தது. நேரில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து, "ஆமா, மாத்திட்டோம்" என்றேன். "எந்தப் பால்?" என்றாய். முன்பு கொடுத்ததையே சொல்லிவைத்தேன். "சரி மாமா. பாப்பா நல்லா இருந்தா போதும்" என்று சிரித்தாய். சொல்லியாகிவிட்டதா என்று உன் அக்கா கேட்டபோது, ஆகிவிட்டது என்றேன்.

பாப்பாவுக்குப் பத்து மாதம் நடக்கும்போது, நீ எழுந்திருக்கவில்லை என்று உன் அறைக்காரர்கள் போன் செய்தார்கள். மாரடைப்பு. முப்பத்தொரு வயது. உன்னை அடக்கம் செய்து பதினைந்து நாள் கழித்துப் பெட்டி வந்தது. பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்கு ஊருக்கு வருவதாக அடுக்கிவைத்திருந்தாயாம். உன் அக்கா ஒவ்வொன்றாக எடுத்தாள். பாப்பாவுக்குக் கவுன், உன் அக்காவுக்குத் தைலம், எனக்கு ஒரு சட்டை. அடியில், கைலி சுற்றிய டின். ஆட்டுப் பால் இல்லை. நான் பொய்யாகச் சொன்ன அதே பால்.

அவள் டின்னை மடியில் வைத்துக்கொண்டு அதன் மேலிருந்த பேரைப் படித்தாள். பிறகு, "நீங்க சொல்லவே இல்லியா?" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் இன்றுவரை அவள் அதைக் கேட்டதில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இந்தத் தையில் பாப்பாவுக்குக் காது குத்துகிறோம். உன் மடிக்காகத் தள்ளிப்போட்டது, பிறகு மனசில்லாமல் தள்ளிப்போனது. உன் பெரியப்பா மகன் மடியில் உட்காரவைக்கப் போகிறோம். உன் இடத்தில் இன்னொருவனை உட்காரவைக்கும் முன்னால் உன்னிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கடையில் இப்போதும் கோபுரமாகத்தான் அளக்கிறேன். மேலே குவிக்கும்போது மட்டும் கை ஒரு நொடி நின்றுவிடுகிறது. கேட்பவர்களிடம் மணிக்கட்டு வலி என்கிறேன்.

போகியன்று நான் வேண்டாம் என்றதும், உன் அக்கா டின்னை மறுபடி துடைத்து, அவளே பீரோ மேல் வைத்துவிட்டாள்.

பாப்பா வயிற்றைக் கெடுத்தது என் கைதான் மச்சான். நீ கொண்டுவந்த மூன்று டின்னையும் அவள் கடைசிப் பொடிவரை குடித்தாள். பாலை நாங்கள் மாற்றவே இல்லை.