பழிவாங்க ஒரு நூற்றாண்டு

பிப்ரவரி 3, திங்கள்

பதினொரு வேன்கள், எண்பத்திரண்டு மருந்துக் கடைகள். எந்த வேன் எந்த வரிசையில் போக வேண்டும் என்று மூன்று மாதம் உட்கார்ந்து நான் போட்ட திட்டம் இன்று கூட்டத்தில் பெரிய திரையில் ஓடியது. முதல் பக்கத்தில் மேலாளரின் பெயர். என் பெயர் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அம்மையார், "யார் போட்டது? பிரமாதமா இருக்கே" என்றார். ஏழாம் பக்கத்தைக் குறிப்பாகப் பாராட்டினார். எல்லா வண்டியையும் ஒரே மூலையில் நிறுத்தக் கூடாது, ஒன்று மாட்டிக்கொண்டால் எல்லாம் மாட்டிக்கொள்ளும் என்று நான் எழுதிய பக்கம்.

"நான்தான் மேடம், ராப்பகலா உக்காந்து போட்டேன். டெஸ்பாட்ச் பொண்ணு டைப் பண்ணிக் குடுத்துச்சு" என்றார் மேலாளர்.

டைப்! டைப்பா பண்ணேன் நான்? எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி நாற்காலியில் இருந்த நானும் தட்டினேன். இந்தக் கைகளை என்ன செய்வது?

வீட்டில் சொல்லவில்லை. அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். என் பட்டத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டி, மீட்டர் பார்க்க வருகிறவருக்குக்கூடக் காட்டுகிறவர். சொன்னால், "மேல இருக்கறவங்களைப் பகைச்சுக்காதம்மா" என்பார்.

பிப்ரவரி 5, புதன்

"டெஸ்பாட்ச்! அந்த ஃபைலை எடு." இரண்டு வருடமாக மேலாளர் வாயில் இதுதான் என் பெயர்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சரக்கு எண்ணுவதற்காக இன்றும் எங்கள் மருந்துக் கிடங்குக்குப் போனேன். சாப்பாட்டு அறையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே பச்சைத் துணி விரித்திருந்தார்கள். துணியில் கட்டைவிரல் உயரத்துக்கு நூற்றுக்கணக்கான போர்வீரர்கள். ஒவ்வொருவனுக்கும் பொத்தான்கூட வரைந்திருந்தது. மேலாளர், பல் டாக்டர் ஒருவர், கணக்கு வாத்தியார் ஒருவர், மூன்றாம் நம்பர் வேன் ஓட்டும் பிரேக் அண்ணன். எதற்கெடுத்தாலும் பிரேக் போடுவதால் அந்தப் பெயர். பழைய காலப் போர்களைப் பகடை உருட்டி மறுபடி நடத்துகிறார்களாம். மேலாளரை எல்லோரும் "தளபதி" என்கிறார்கள். நான்கு வருடமாகத் தோற்றதே இல்லையாம்.

சுவரில் கையெழுத்துத் தாள்கள் பத்தொன்பது. நின்று எல்லாவற்றையும் படித்தேன்.

"தோத்தவர்தான் எழுதணும்மா" என்றார் வாத்தியார். "எப்படித் தோத்தேன்னு சொந்தக் கையால எழுதி, ஜெயிச்சவர் பேரை மேல போட்டு, கீழ கையெழுத்து. இங்க அதுதான் சட்டம்."

பத்தொன்பதில் ஒன்றுகூட மேலாளரின் கையெழுத்தில் இல்லை.

என் வாய் தானாகக் கேட்டது: "புதுசா யாராவது சேரலாமா?"

மேலாளர் சிரித்தார். "இது சொப்பு விளையாட்டு இல்லம்மா. சரி, புதுசா வர்றவங்கதான் எந்தக் காலம்னு சொல்லணும். சொல்லு பாப்போம், எந்தக் காலம்?"

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

பிப்ரவரி 14, வெள்ளி

ஒரு நூற்றாண்டு தேடுகிறேன், ஒரு ஆளைத் தோற்கடிக்க.

ரோமாபுரி? கேடயங்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் மேலாளரிடம் இரண்டு அலமாரி நிறைய ரோமர்கள். நெப்போலியன் காலம்? எந்தப் படைக்கு எந்த நிறக் காலர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவர் வீட்டு வாசலுக்கே போய் வம்புக்கு நிற்பது போல் ஆகிவிடும்.

பிப்ரவரி 22, சனி

முதல் உலகப் போர். நூலகத்தில் நான்கு மணி நேரம் படித்தேன். பதுங்குகுழியில் என் வயதுப் பையன்கள் ஈரக் காலுறையோடு நிற்கும் படம் ஒன்று. மூடி வைத்துவிட்டேன். என் கோபத்துக்கு இவர்கள் வேண்டாம். நானூறு வருடம் பின்னால் போனால் மட்டும் வலிக்காதா? வலிக்கும். முகம் தெரியாது, அவ்வளவுதான்.

மார்ச் 1, சனி

கிடைத்துவிட்டது!

ஐரோப்பாவில் முப்பது வருடம் நடந்த போர், பதினேழாம் நூற்றாண்டு. நீள ஈட்டிகள், புகை கக்கும் துப்பாக்கிகள். ஒவ்வொரு படைக்குப் பின்னாலும் வண்டிகள், சட்டி பானை, துணி துவைக்கும் பெண்கள், குழந்தைகள். ஒரு ஊரே நடந்து போயிருக்கிறது.

அந்தக் காலத்துப் போருக்கான விதிப் புத்தகம் வண்டிகளைக் கட்டாயமாக்குகிறது. வண்டி பறிபோனால் ஒவ்வொரு சுற்றிலும் பகடை போட்டு, விழுந்த எண்ணுக்கு வீரர்களை எடுத்துவிட வேண்டும். பசித்தவன் ஓடிப்போகிறான். மற்ற காலங்களில் வண்டி விதியைத் தளபதி தள்ளிவிடுவாராம், சலிப்பு என்று. புதியவர் தேர்ந்தெடுத்த காலத்தில் எதையும் தள்ள முடியாது. வாத்தியாரிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

வண்டி அனுப்புவது யார் வேலை? இந்த டெஸ்பாட்ச் பொண்ணு வேலை.

மார்ச் 19, புதன்

முப்பது வருடப் போர் என்று மேலாளரிடம் சொல்லியாயிற்று; என் படையில் ஐம்பது பேருக்குச் சாயம் அடித்து முடித்தேன். அம்மா சலவைக் கடையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். "கழுதை வயசாகுது, பொம்மைக்குச் சாயம் அடிக்கிறியே!" பிறகு மூட்டை சுமக்கும் பெண் பொம்மையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். "இவ்வளவு மேல கட்டினா கழுத்து ஒடிஞ்சிடும்டி. இறக்கிக் கட்டு."

கத்தியால் சுரண்டி, மூட்டையை இறக்கி ஒட்டினேன். வண்டிக் குதிரைகள் எட்டுக்கும் அழுக்கான ஒரு பழுப்பு வந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஐந்து நாள் ஆனது.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று ஆட்டம் நடந்தது. தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

மேலாளரின் படை ராஜ கம்பீரமாக இருந்தது. வண்டிகள்? நான்கு தீப்பெட்டிகள்! "வண்டிதானே, இது போதும்" என்று நான்கையும் தன் பக்கத்து இடது மூலையில் அடுக்கி வைத்தார். காவலுக்கு ஒரு ஆள் இல்லை.

நான் என் வண்டிகளை நான்கு இடத்தில் நிறுத்தினேன். நடுவில் அவர் அடித்த அடியில் என் ஈட்டிக்காரர்கள் பாதி போனார்கள். "பாவம், விட்டுடலாமா?" என்று டாக்டரைப் பார்த்துக் கண்ணடித்தார். என் பன்னிரண்டு குதிரை வீரர்கள் மேசை ஓரமாக, தோப்புக்குப் பின்னால் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். வேன்களை இப்படித்தான் சந்து வழியாக விடுவேன்.

ஐந்தாம் சுற்றில் நான்கு தீப்பெட்டிகளும் என் கையில்.

பிறகு அவரே பகடை உருட்டி உருட்டி, தன் வீரர்களைத் தானே எடுத்தார். மூன்று. ஐந்து. ஆறு. ஒவ்வொன்றையும் ரசித்தேன். பொய் சொல்வானேன்?

"எல்லா வண்டியும் ஒரே மூலையில... சே, எப்படி விட்டேன்?"

என் குரல் எனக்கே கேட்டது. "ஏழாம் பக்கத்துல இருக்கு சார்."

"எந்த ஏழாம் பக்கம்?" என்றார் டாக்டர்.

பிரேக் அண்ணன் இந்த முறை பிரேக் போடவில்லை. "எங்க ரூட் பிளான்லதான் டாக்டர். ஒரே மூலையில நிறுத்தாதேன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும். சார் ராப்பகலா உக்காந்து போட்டதாச்சே! சாருக்கே ஞாபகம் இல்லையா?"

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் நன்றாக இருந்தது.

எட்டாம் சுற்றில் முடிந்தது. வாத்தியார் தாளையும் பேனாவையும் அவர் முன் வைத்தார். அரைப் பக்கம் எழுதினார்: பகடை சரியில்லை, வெளிச்சம் சரியில்லை.

"மேல பேரு எங்க தளபதி?"

பேனா நின்றது. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"உன்... முழுப் பேரு என்னம்மா?"

இரண்டு வருடம். இரண்டு வருடம் ஒரே கூரைக்கடியில்.

சொன்னேன். அப்பாவின் இனிஷியலோடு, எழுத்து எழுத்தாக. அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

ஏப்ரல் 28, திங்கள்

பிரேக் அண்ணன் அந்தத் தாளைப் படம் எடுத்து எல்லா ஓட்டுநர்களுக்கும் அனுப்பிவிட்டார். காலையில் பதினொரு பேரும் என்னைப் பெயர் சொல்லி வணக்கம் வைத்தார்கள்.

மே 12, திங்கள்

மழைக்காலத் திட்டம் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். மேலாளர் முதல் பக்கத்தை நீட்டினார். இரண்டு பெயர்கள். என்னுடையது இரண்டாவது.

"என் பேர் மட்டும் போதும் சார்."

அவர் பேனாவை எடுத்துத் தன் பெயரை அடித்தார். போகத் திரும்பியவர், கதவருகே நின்று, என் பெயரைச் சொல்லி, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"நானும் வண்டி செஞ்சுட்டிருக்கேன். உன் குதிரைங்களுக்கு... அந்தப் பழுப்பு எப்படிம்மா வந்துச்சு?"

மூன்று சாயம், ஒரு சொட்டு டீத்தண்ணீர். சொல்ல அரை நிமிடம் ஆகாது.

"மறந்துபோச்சு சார்" என்றேன்.