விலாவில் விழுந்த அடி

நேற்று, கையில் பலமில்லை என்று போன பெரம்பலூர் ஆஸ்பத்திரியில், உடற்பயிற்சி கொடுக்கும் ஒரு சின்னப் பெண் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கனமான பந்து ஒன்றை நெஞ்சிலிருந்து தள்ளச் சொன்னாள். அது என் காலடியிலேயே விழுந்தது. "தோள் நல்லாத்தான் இருக்குங்கம்மா. வயித்துலயும் முதுகுலயும்தான் பலமில்ல. அது தாங்கினாத்தான் கை தள்ளும்" என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இதையே நீ சொன்னதற்குத்தானே உன்னை அடித்தேன்!

எண்பதுகளின் தொடக்கம். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் சிநேகிதிகள் நாம் இருவரும் கல் உடைத்துக்கொண்டிருந்தோம். பெண் போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் எழுதிப் போட்டோம். வேலை கிடைக்காவிட்டால் நான் குவாரியிலேயே கிடக்க வேண்டும். நீ குடிகாரத் தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். தேர்வில் இரும்புக் குண்டு எறிய வேண்டும். அதற்குப் பழக, ரேஷன் கடைத் தராசில் நாலு கிலோ நிறுத்து ஒரு கல்லை எடுத்து வந்தோம். என் புஜம் உன் தொடை கனம் இருக்கும். ஆனாலும் ஒல்லிக்குச்சி நீ எறிந்த கல் தினமும் என்னுடையதைத் தாண்டி இரண்டு முழம் போய் விழுந்தது.

தேர்வுக்கு முதல் நாள், குவாரிப் பெண்கள் எல்லோர் முன்னாலும் சிரித்தாய். "கையால தள்ளாதடி எரும. இடுப்பத் திருப்பு, கை தானா வரும்."

என் கையில் தலை கழன்ற சம்மட்டிப் பிடி இருந்தது. வீசினேன். உன் வலது விலாவில் மடக்கென்று சத்தம் கேட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாய், ரத்தம் வழிந்தது. அப்போதும் வெறி அடங்காமல் உன் முடியைப் பிடித்துத் தரையில் இழுத்தேன். அந்த அடியில்தான் முதன்முதலாக என் இடுப்பு திரும்பியது.

மறுநாள் திருச்சி மைதானத்துக்கு, ரவிக்கைக்கு மேல் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு வந்தாய். மூன்று முறை எறிந்தாய், மூன்றும் கோட்டைத் தொடவில்லை. கடைசியில் மண்டியிட்டு விழுந்தாய்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் அதிகாரி.

"கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டேங்க சார்."

அடுத்தது என் முறை. நீ சொன்னபடி இடுப்பைத் திருப்பி எறிந்தேன். தேறிவிட்டேன்.

திரும்பும்போது பஸ் கீழப்பழுவூர் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாய். "உன்ன வெட்டிப் போடணும்போல இருக்குடி. கையத் தூக்க முடியல. நல்லாகட்டும், இருக்கு உனக்கு."

தாய்மாமனையே கட்டிக்கொண்டாய். அவன் உன்னை மிதிப்பதை ஊர் சொல்லிக் கேட்டேன். ஒருநாள் காக்கிச் சட்டையோடு வந்து, உன் வாசலிலேயே அவனைப் புரட்டி எடுத்தேன். பல் தெறித்தது. அவனுக்கு விழுந்ததெல்லாம் எனக்கு விழ வேண்டியது என்று உனக்கும் தெரியும். கதவோரம் நின்று பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்தாய். அறையப் போகிறாய் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"சாப்ட்டியாடி?" என்று கேட்டாய்.

போன ஐப்பசியில் உன்னைப் புதைத்துவிட்டார்கள். அறையாமலே போய்விட்டாயே, பாவி! இந்தக் கன்னத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?