கருவாட்டில் ஏறிய சிவப்பு

மரக்காணம்
18.6.2005

அன்பு மகள் செந்தமிழுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் வெயிலைத் தவிர வேறு குறை இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தப் பூனா ஊரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று அம்மனைக் கும்பிட்டுக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். போனில் உன் குரலைக் கேட்டதுமே எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது, நீயும் லேபுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். கிளியனூர் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சினிமாக்காரி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவுக்குக் கால் வெடிப்பு இந்த வருஷம் அதிகம், நீ அனுப்பிய களிம்பைத் தடவச் சொன்னால் அதை எடுத்து மாட்டுப் புண்ணுக்குத் தடவுகிறார். மார்கழிச் சுனாமி அலை உடைத்துப் போட்ட உப்புப் பாத்திக் கரையெல்லாம் மாசியிலேயே கட்டி முடித்தோம், உப்பும் நன்றாகத்தான் இறங்குகிறது. ஆனால் எனக்குத்தான் மனசு ஒரு நிலையில் இல்லை, செய்தது சரியா தப்பா என்று பிடிபடவில்லை, படித்தவள் நீதான் சொல்ல வேண்டும்.

எக்கியார்குப்பத்திலிருந்து நமக்கு மீன் கொண்டுவருவாளே பொன்னி, அவள் விஷயம்தான். அவளுடைய ஒரே பெண் சரஸ்வதி மார்கழியில் அலையோடு போனவள், இன்றுவரை உடம்பு கிடைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். பங்குனியில் குப்பத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து கருவாடு போட ஆரம்பித்தார்கள், பொன்னிதான் முன்னால் நின்றாள், கையில் வேலை இருந்தால் கொஞ்சம் மறப்பாள் என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி. எப்போதும் நம் கொட்டகையில் கிடக்கும் போன வருஷத்து உப்பைத்தான் அவர்கள் வாங்குவார்கள், அதை அலை கரைத்துக்கொண்டு போய்விட்டதால் இந்த முறை பாத்தியிலிருந்து வாரிய புது உப்பையே கொடுத்தோம். வைகாசியில் பார்த்தால் அடுக்கி வைத்த கருவாடு முழுக்கச் சிவப்பு, குங்குமத்தைக் கரைத்து ஊற்றின மாதிரி, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, நாற்றம் வேறு. குப்பத்தில் ஒருத்தி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள், அலை பிணத்தையெல்லாம் உப்பளத்துக்குள் இழுத்துக்கொண்டு போனதே, அந்த ரத்தம்தான் உப்பில் ஏறிவிட்டது என்று.

மறுநாள் காலையில் பொன்னி நம் கடைசிப் பாத்திக் கரையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். வெயில் முற்றினால் அந்தத் தண்ணீர் சிவக்கும் என்பது நமக்குப் புதிதா, சிவந்தால் உப்பு நன்றாக இறங்கும் என்று அப்பா சந்தோஷம்தான் படுவார். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போய்க் கையைப் பிடித்தேன். "யக்கா, நெஜத்த சொல்லு, எம் பொண்ணு இங்கதான் கெடக்கறாளா" என்று கேட்டாள். இது வருஷா வருஷம் சிவக்கிறதுதானே பொன்னி என்றேன். "பாத்தி செவக்கும், தெரியும்க்கா. கருவாடு எப்ப செவந்துச்சு" என்றாள்.

அன்றைக்குத்தான் பூத்துக்கு ஓடி உனக்குப் போன் போட்டேன். நீ சொன்னதில் பாதி எனக்கு ஏறவில்லை. உப்பிலேயே பிறந்து உப்பிலேயே வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், அதுதான் அந்தச் சிவப்பு, லேபில் பெரிதாக்கும் கண்ணாடியில் வைத்தால் ஓடுவதுகூடத் தெரியும், உப்பு பழசாக ஆக அவை குறைந்துபோகும், புது உப்பில் உயிரோடு கருவாட்டுக்கு வந்துவிட்டன என்றாய். எதுவும் கெடக்கூடாது என்றுதானே உப்புப் போடுகிறோம், அந்த உப்புக்குள்ளேயே உயிர் இருக்கிறது என்றால் நான் எதைத்தான் நம்புவது? பொங்கல் லீவில் நீ சொன்ன கதைகளும் சேர்ந்துகொண்டு குழப்புகின்றன. கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து, ஒரு சொட்டுக் குளத்துத் தண்ணீரில் ஓடும் பிராணிகளைப் பார்த்தவர் ஜவுளி வியாபாரியா, இல்லை கறிச் சட்டிக்குத் துணி கட்டி, ஈ உட்காராவிட்டால் புழு வராது என்று காட்டியவர் ஜவுளி வியாபாரியா? துணி என்றதும் இரண்டு பேரும் எனக்கு ஒரே ஆளாகிவிடுகிறார்கள். கறி அழுகினால் புழு அதுவாகவே பிறக்கும் என்று அந்தக் காலத்துப் பெரிய படிப்பாளிகளே நம்பினார்கள் என்றாய், நான் இந்த வருஷம் வரைக்கும் அப்படித்தானடி நம்பினேன். ஒரு பிரெஞ்சுக்காரர் கறிச் சாற்றைக் காய்ச்சிக் கழுத்து வளைந்த குடுவையில் வைத்தாராம், காற்று போகும் தூசி போகாது, சாறு கெடவே இல்லையாம், கழுத்தை உடைத்த பிறகுதான் கெட்டதாம், அது ஒன்றுதான் எனக்கு நன்றாக நிற்கிறது. உயிரிலிருந்துதான் உயிர் வரும் என்றால் முதல் உயிர் எங்கிருந்து வந்தது என்று அப்பாவைக் கேட்டேன், பசிக்குது சோத்த போடு என்றார்.

அந்தப் பிரெஞ்சுக்காரர் மாதிரி நீயே செய்து பாரேன் என்று நீதான் சொன்னாய், செய்தேன். பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாதே என்று பொன்னியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒரே வாளை மீனைத் துண்டு போட்டோம், பாதிக்குப் பாத்தி உப்பை அப்படியே போட்டோம், மீதிக்கு அதே உப்பை வாணலியில் படபடவென்று வெடிக்க வறுத்து ஆற வைத்துப் போட்டோம். தட்டுகளைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவி, தனித்தனியாக வெள்ளைத் துணி மூடிக் கொட்டகையில் வைத்தோம். "இன்னா மலரு இது, செத்த மீனுக்குத் தட்டு போட்டு காவல் காக்கறே" என்று அப்பா சிரித்தார். பொன்னி தினமும் வந்து துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவாள். நாள் ஆக ஆக எனக்கே சந்தேகம், மகள் ஏதோ புஸ்தகத்தில் படித்ததைச் சொல்லிவிட்டாளோ என்று. பிறகு ஒரு காலை பாத்தி உப்புத் தட்டில் ஓரமாக ரோஜா நிறம் தெரிந்தது, அது மெல்லப் பரவித் தட்டு முழுக்கச் சிவந்துவிட்டது. வறுத்த உப்புத் தட்டு வெள்ளையாகவே இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதே. பார்த்தியா பொன்னி, ரத்தமாக இருந்தால் இப்படி நாளுக்கு நாள் வளருமா, இது உயிர், வறுத்ததில் செத்துப்போச்சு, அலைக்கு முன்னாடியிலிருந்தே இங்கேதான் இருக்குது, என் பொண்ணு லேபில் கண்ணாடி வச்சு இதைப் பார்க்கிறா என்று நானே வாத்தியாரம்மா மாதிரி சொன்னேன்.

அவள் இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இது எம் பொண்ணு இல்ல" என்றாள். இல்லவே இல்லை பொன்னி என்றேன். அவள் மனசு ஆறிவிடும் என்றுதான் நினைத்தேன் செந்தமிழ். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள் பார், மார்கழியில்கூட அப்படி அழவில்லை. "இங்கயாவது இருக்கான்னு நெனச்சேன்க்கா, இனிமே எங்க போயி பாப்பேன்" என்றாள். பயத்தை எடுக்கிறேன் என்று போய் அவளிடம் இருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டேனா? உண்மையைத்தானே சொன்னாய் என்கிறார் அப்பா. உண்மைதான், ஆனால் அதைச் சொல்லிவிட்டு ஏன் எனக்கு இத்தனை கலக்கம்?

குப்பத்தில் இப்போது உப்பை வறுத்துத்தான் போடுகிறார்கள், கருவாடு சிவக்கவில்லை, வியாபாரியும் எடுத்துக்கொண்டு போகிறார். பொன்னியும் வேலைக்குப் போகிறாள், ஆனால் என்னோடு அவ்வளவாகப் பேசவில்லை. நேற்று அவளாகவே வந்தாள். வாசலில் நின்றபடியே, "உம் பொண்ணு வந்தா அந்தக் கண்ணாடிய எனக்கும் ஒரு தரம் காட்டச் சொல்லுக்கா. நீ சொன்னா போதாது. எம் பொண்ணு இல்லன்னு நானே பாத்துக்கறேன்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. அவள் அதில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, ஓடுதுக்கா, எம் பொண்ணு மாதிரியே ஓடுது என்று சொன்னால் நான் என்ன செய்வேன்? ஆனாலும் அவளிடம், அதைப் பார்க்காதே என்று சொல்ல நான் யார்?

உன் வாத்தியாரைக் கேட்டு, தீபாவளி லீவுக்கு அதைக் கொண்டுவர வழி இருக்கிறதா என்று எழுது. வேளாவேளைக்குச் சாப்பிடு, அந்தக் கிருமியையெல்லாம் தொட்டுவிட்டுக் கையைக் கழுவாமல் சோற்றில் வைக்காதே. அம்மன் துணையில் உன் படிப்பு நல்லபடியாக முடியட்டும், உன் கையும் கண்ணும் நன்றாக இருக்கட்டும். கண்ணாடியை ரயிலில் பெட்டியோடு மேலே போட்டுவிடாதே, புடவையில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வா. நீ வரும் தேதியைப் பொன்னியிடம் நான் சொல்ல வேண்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா
மலர்கொடி