ஐம்பதில் பதினேழு

காஜா பேராங், மலாக்கா.
27-6-1960

அன்பு மகன் கருணாகரனுக்கு அம்மா எழுதுவது. செட்டிக் கம்பத்து மாரியம்மன் உன்னை ஒரு குறையுமில்லாமல் காக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டாயா, இல்லையென்றால் சாப்பிட்டுவிட்டு வந்து இதைப் படி. அறைத் தோழன் தேவதாஸ் பக்கத்தில் இருந்தால் அவனை எங்கும் போக வேண்டாம் என்று சொல். இந்த இடத்தில் இங்கு யாவரும் நலம் என்று எழுதுவது நம் வழக்கம். கடந்த ஏழு கடிதங்களிலும் அப்படித்தான் எழுதினேன், இன்றைக்குக் கை வரவில்லை.

பரீட்சை நன்றாக எழுதியதாக நீ போட்ட கடிதம் வீட்டு விலாசத்துக்கு வந்தது. எனக்கென்று தனியாக எழுதிய இன்னொரு கடிதமும் ஷரீஃபுதீன் நானா கடை விலாசத்துக்கு வந்து சேர்ந்தது. உறையின் பின்புறம், அப்பாவுக்குத் தெரியாமல் அம்மாவிடம் கொடுங்கள் நானா என்று எழுதியிருந்தாய். அதைப் பார்த்ததும் நானா மசாலா மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். வெகுநேரம் கடையில் யாருக்கும் எதுவும் நிறுத்துக் கொடுக்கவில்லையாம். பக்கத்து வீட்டு நூர்ஜஹான்தான் வந்து சொன்னாள். அந்தக் கடிதத்தில் நீ ஒரே கேள்வி கேட்டிருக்கிறாய். அப்பாவின் எண்ணிக்கை ஏன் இப்படிக் குறைந்துபோயிற்று, அவருக்கு உடம்புக்கு என்ன, மறைக்காமல் சொல்லுங்கம்மா, அவர் நல்லா இருக்கார்னா இன்னும் ஒரு வருஷம் இங்கேயே வேலை பாக்குறேன், இல்லேன்னா அடுத்த கப்பல்ல வந்துடுறேன் என்று. நேராகக் கேட்காதவரை என்னால் மறைக்க முடிந்தது. நேராகக் கேட்ட பிறகு முடியவில்லை. அப்பா இல்லை கருணா. போன நவம்பர் மாதம் இருபத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டார்.

அன்று மாதத்தின் கடைசி ஞாயிறு. நீ சீமைக்குக் கப்பல் ஏறிய அன்று நீங்கள் இருவரும் பேசிக்கொண்டதை அவர் ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. விரித்த குடையைத் தலைகீழாய் மண்ணில் வைத்து, முப்பது அடி தள்ளி நின்று ஐம்பது பந்து அடித்து, எத்தனை குடைக்குள் விழுந்தது என்று ஒருவருக்கொருவர் எழுத வேண்டும், மழை வெயில் பனி என்று சாக்குச் சொல்லக் கூடாது என்பதுதானே பேச்சு. தம்பின் ஊர் ரப்பர் தோட்டத்திலிருந்து இங்கே குடிவந்து கிளப்பில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குச் சேரும்வரை அவர் கோல்ப் மட்டையைத் தொட்டதுகூட இல்லை. இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் சீமைக்குத் திரும்பிய துரை விட்டுப்போன இரண்டு மட்டைகளில் ஒன்றை உன் கையில் கொடுத்து அனுப்பினார், மற்றதை அரிசி டின்னுக்குப் பின்னால் சாத்தி வைத்துக்கொண்டார். உனக்குத் தெரியாததா, ஆனாலும் எழுதுகிறேன். எழுதும்போது அவர் கொஞ்சம் இருக்கிறார்.

அன்று விடியலில் மழை பெய்து விட்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பில் தண்ணீர் நின்றது. குடைக்குள்ளும் தண்ணீர், பந்து விழுந்தால் தவளை குதித்த மாதிரி சத்தம் வருகிறது என்று சொல்லிச் சிரித்தார். உன் தங்கை விஜயா பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது அடித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தென்னை அடியில் உட்கார்ந்தார். நான் ஓடினேன். கொஞ்சம் தண்ணி குடு சந்திரா, நாப்பதுக்கு இருபத்தாறு, மறந்துடாதே, இன்னும் பத்து இருக்கு என்றார். தண்ணீர் கொண்டுவந்தேன், குடிக்கவில்லை.

சித்தப்பா தம்பிராஜாதான் கொள்ளி வைத்தார். நீ வைக்க வேண்டியது. கப்பலில் நீ வந்து சேர ஒரு மாதம் ஆகும், படிப்பும் உபகாரச் சம்பளமும் போய்விடும், பரீட்சை முடியட்டும் அண்ணி, பையனோட வாழ்க்கையைப் பாருங்க என்று அவர் சொன்னார். வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். நான் தலையாட்டினேன். யார் சொல்லியிருந்தாலும் தலையாட்டியவள் நான். பழியை அவர்மேல் போடாதே.

பதினாறு முடிந்ததும் உனக்குக் கடிதம் போட வேண்டியிருந்தது. எப்போதும் அவர் சொல்ல நான்தானே எழுதுவேன், அதனால் கையெழுத்தில் உனக்குச் சந்தேகம் வராது என்று நினைத்தபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. எண்ணிக்கை எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. கோல்ப் ஆட்டத்தில் பார்க்கிறவர் யாருமில்லை, அவனவன் எண்ணிக்கையை அவனவன்தான் எழுதுகிறான், அதில் பொய் சொன்னால் ஆடவே வேண்டாம் என்பார் அல்லவா. குறையாக நிற்கும் எண்ணிக்கையை அனுப்பவும் மாட்டார். அதனால் மட்டையை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய் மீதிப் பத்தை நான் அடித்தேன். ஒன்றும் விழவில்லை. இருபத்தாறு என்று எழுதினேன். அவர் உயிரோடு இருப்பதாகக் கூசாமல் எழுதிய கைக்கு அந்த ஓர் எண்ணைக் கூட்டி எழுதத் துணிச்சல் வரவில்லை. இதை நான் என்னவென்று சொல்வேன்.

டிசம்பரில் ஐம்பதும் நானே அடித்தேன், மூன்று விழுந்தது. அப்படியே எழுதினேன். அதற்கு நீ, அப்பா கண்ணாடிய மாத்துங்க, இல்லேன்னா சர்க்கஸ்காரன்கிட்ட கூடாரத்த வாங்கிக் கவுத்து வைங்க என்று கேலி செய்திருந்தாய். படித்ததும் சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்த வாயை மூட எனக்கு வெகுநேரம் ஆயிற்று. பிறகு தினமும் விஜயா பள்ளிக்கூடம் போனதும் தோப்புக்குப் போகத் தொடங்கினேன். மழைக்காலம் முடிந்து மாசி வெயில் வந்து, தரை வெடித்து, மறுபடி மழை பிடித்தது, நான் நிறுத்தவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து காய்த்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நூர்ஜஹான், என்னக்கா இது, கொட்டுற ஊஜான்லயும் பந்தா, ஆளுங்க பாத்தா கீலா புடிச்சிருச்சும்பாங்க என்பாள். அப்படிச் சொல்லிக்கொண்டே வேலிப்பக்கம் உருண்ட பந்துகளை முந்தானையில் கட்டிக் கொண்டுவந்து தருவாள். வேறு யாருக்கும் தெரியாது. புத்தகம் படித்து மறக்கலாம் என்று பார்த்தேன், ஒரு பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மட்டும் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. ஐந்து, நான்கு, ஒன்பது, பதினொன்று, பதினான்கு என்று நீ மாதாமாதம் படித்ததெல்லாம் உன் அம்மாவின் எண்ணிக்கை.

தனிக் கடிதத்தில் நீ இன்னொன்றும் எழுதியிருந்தாய். நான் முப்பதுக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தும், அப்பா வெட்கப்படக் கூடாது என்று ஜனவரியிலிருந்து பத்து, பன்னிரண்டு என்று குறைத்து எழுதினேன், அவரிடம் சொல்லிவிடாதீர்கள் அம்மா என்று. பனி மூடிய மாதங்களில் நிலக்கரிக் கொட்டகையில் மெத்தையை நிறுத்தி வைத்து, விடுதிக்காரியிடம் திட்டு வாங்கிப் பழகி, அடித்ததை அடித்ததாக எழுதாமல் மறைத்தாய். யாருக்காக மறைத்தாயோ அவர் இல்லை. நான் உன்னை ஏமாற்ற, நீ அவரை ஏமாற்ற, நடுவில் அந்த ஒரு மனிதர் மட்டும் யாரையும் ஏமாற்றாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். இதைப் படித்தபோது நான் அழுதது அவருக்காகவா உனக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை.

நீ என்மேல் கோபப்படு. ஏழு மாதம் அழாமல் இருந்துவிட்டேனே என்று உனக்குத் தோன்றும், அந்த ஏழு மாதத்தை நான்தான் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன், திருப்பித் தர என்னிடம் வழியில்லை. வா என்றும் எழுத மாட்டேன், இரு என்றும் எழுத மாட்டேன். ஒருமுறை உன் சார்பில் நான் முடிவு செய்தது போதும். விஜயாவைத் திட்டி எழுதாதே, அவளை வாயை மூடச் சொன்னவளும் நான்தான். உன் கடிதம் வரும்போதெல்லாம் அவள் கோழிக்கூண்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள்.

குளித்துவிட்டு, தெற்கே பார்த்து நின்று, கொஞ்சம் எள்ளும் தண்ணீரும் விடு. அங்கே எள் கிடைக்காவிட்டால் வெறும் தண்ணீர் போதும். அப்பாவின் திதி கார்த்திகை மாதம் தேய்பிறைச் சதுர்த்தசி, இந்த வருஷம் நவம்பர் பதினேழில் வருகிறது என்று கோயிலில் பார்த்துச் சொன்னார்கள். எங்கே இருந்தாலும் அதை மறக்காதே. அம்மன் உன் கூடவே இருக்கட்டும், நீ நூறு வயது இரு.

நேற்று கடைசி ஞாயிறு. காற்று இல்லை, தரை காய்ந்திருந்தது, அவருடைய குடைதான். ஐம்பதில் பதினேழு. உன்னுடையதை எழுது, குறைக்காமல்.

இப்படிக்கு,
அம்மா மட்டும்,
சந்திரமதி