பதினோராவது வளைவில் நின்ற ஃபேன்

போடிநாயக்கனூர்
கார்த்திகை 9

தம்பி ஜெகதீஷுக்கு,

உன் அக்கா சந்திரவல்லி எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுத இந்த முறை மனம் வரவில்லை. மஸ்கட்டில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். நான் குரலை உயர்த்தினாலே, "அக்கா, சூப்பர்வைசர் வர்றாரு, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. இதை நிலவன் உன் கையில் கொடுப்பான். ராசிங்காபுரத்துப் பையன்தான், உன்னோடு பத்தாவது படித்தவன், வெள்ளிக்கிழமை அங்கே புறப்படுகிறான். உட்கார்ந்து முழுவதையும் படி.

போன மாதம் போடிமெட்டு மலையில் உன் மாமா ஓட்டிப் போன நம் வேன் பாறையில் மோதியதும், தோட்டத்து வேலைக்குப் போன ரோஜாவுக்குக் கை முறிந்ததும் உனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ எழுதினாய்: "மாமாவுக்கு வயசாயிருச்சு. தூங்கிருப்பாரு. வண்டி மேல பழி போட வேணாம்." அதை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே நம் சித்தப்பா, பெரியம்மா மகன், அவன் மனைவி எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். உன் மாமாவும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார். அதை நினைத்தாயா?

அவருக்கு வயது நாற்பத்தாறு. எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு அந்த மலையில் ஏறுகிறவர். ஒரு நாளும் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. முந்தின இரவு எட்டரைக்கே படுத்தவர் எப்படித் தூங்குவார்?

அன்று என்ன நடந்தது என்று யாரிடமும் நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அடைமழை. ஜன்னல் எல்லாம் மூடி, உள்ளே பதினான்கு பெண்கள். முன் கண்ணாடிக்குச் சூட்டுக் காற்று ஊதுகிற ஃபேன் ஓடிக்கொண்டிருந்தவரை ஒன்றுமில்லை. பதினோராவது வளைவில் அது நின்றது. இரண்டு மூச்சு விடுவதற்குள் கண்ணாடி முழுதும் வெள்ளையாக மூடிவிட்டது. வலது கைப்பக்கம் பள்ளம், இடது கைப்பக்கம் பாறை. அவர் வண்டியைப் பாறைப் பக்கம் ஒடித்தார். பதினான்கு பேரும் உயிரோடு வீடு வந்தது அதனால்தான்.

ஆனால் வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி முன்னால் என்ன ஆயிற்று தெரியுமா? சுவிட்சைப் போட்டதும் அந்தப் பாழாய்ப்போன ஃபேன் ஜம்மென்று ஓடியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் இரண்டு தடவை அது மலையில் நின்றபோது, நம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் மொக்கச்சாமி அண்ணன் ஒரு முறை பியூஸையும் ஒரு முறை சுவிட்சையும் மாற்றிக் கொடுத்திருந்தார். போடியில் நிறுத்திப் பார்த்தால் எப்போதும் ஓடும். அன்றும் ஓடியது. "ஃபேன் நல்லாத்தானப்பா ஓடுது" என்றார் அதிகாரி. தோட்டத்து சூப்பர்வைசர் மலையாளத்தில் "இனி வரண்டா", அதாவது இனி வர வேண்டாம், என்று சொல்லி, அடுத்த நாளே வேறு ஜீப் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு இவர் சாவியைத் தொடவில்லை. ஏலக்காய் குடோனில் வாட்ச்மேனாகப் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு மதியம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "வல்லி, எல்லாரும் சொல்றாகளே. நான் கண்ணசந்துதான் இருப்பேனோ?"

ஜெகதீஷ், எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை இந்தத் தாளில் எழுத முடியாது. தன் கண் திறந்திருந்ததைத் தானே நம்பாத அளவுக்கு ஒரு மனிதனை ஆக்கிவிட்டீர்கள். அதில் முதல் ஆள் நீ.

மறுநாள் ரோஜா வீட்டுக்குப் போனேன். மாவுக்கட்டுக் கையோடு இருந்தாள். நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவள் என்னைப் பேச விடவில்லை. "ஃபேனு நின்னது எனக்குத் தெரியாதாக்கா? அண்ணே பக்கத்துல முன் சீட்டுல உக்காந்து, முந்தானையால கண்ணாடியத் தொடச்சது நாந்தான். தொடைக்கத் தொடைக்க மூடிக்கிருச்சு. எங்கிட்ட யாரு வந்து கேட்டாக?" என்றாள்.

உண்மைதான். அதிகாரி கேட்கவில்லை. சூப்பர்வைசர் கேட்கவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் கேட்கவில்லை. கை ஒடிந்தவளிடம் "வலிக்கிறதா" என்று மட்டும்தான் கேட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் தீர்மானித்துவிட்டேன். நான் மிக்சிக்கும் பம்பு மோட்டாருக்கும் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிப் பிழைக்கிறவள். எந்த மோட்டாரும் வேண்டுமென்று நிற்காது, காரணம் இருக்கும். நான்கு நாள் நம் தெருவில் நின்ற வேனில் ஒவ்வொரு வயராக ஆட்டிப் பார்த்தேன். ஃபேன் நிற்கவே இல்லை. நோய் மலையில் இருக்கும்போது கீழே நின்று தேடி என்ன பயன்? இவரிடம் போய், "வண்டிய எடுங்க, மலைக்குப் போவோம்" என்றேன். முடியாது என்றார். "அப்ப நானே ஓட்டுறேன்" என்றேன். எனக்கு சைக்கிள் கூடச் சரியாக ஓட்டத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

போன புதன்கிழமை காலை, நல்ல தூறல். முந்தல் செக்போஸ்ட் தாண்டினோம். நான் பக்கத்தில் டெஸ்ட் பல்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அதன் ஒரு வயரை சீட்டுக்கு அடியிலிருக்கும் பேட்டரியின் மைனஸில் மாட்டியிருந்தேன். ஏழாவது வளைவு, எட்டு, ஒன்பது. ஃபேன் ஓடியது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பதினொன்றில் வண்டி சாய்ந்து திரும்பியதும் சத்தம் அடங்கியது.

ஃபேன் நின்றுவிட்டது.

ஓரமாக நிறுத்தினார். ஃபேனுக்குக் கரண்ட் வருகிற வயரில் பல்பின் முனையை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. அப்படியென்றால் கரண்ட் வருகிறது. அது திரும்பிப் போகிற பாதைதான் அறுந்திருக்கிறது. தனியாக ஒரு வயரை எடுத்து ஃபேனின் எர்த் முனையிலிருந்து பேட்டரி மைனஸுக்குப் பிடித்தேன். ஃபேன் ஓடியது. எடுத்தேன், நின்றது. பிடித்தேன், ஓடியது. மூன்று தடவை செய்தேன். இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து, "நான் தூங்கல புள்ள, நான் தூங்கல" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். மழை பெய்துகொண்டிருந்தது. நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேலே போடிமெட்டு டீக்கடை ஓரம் வண்டியைப் போட்டு, அந்தக் கறுப்பு எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது இடது காலடித் தகட்டுக்குப் பின்னால் போனது. அங்கே என்ன இருந்தது என்று உனக்கே தெரியும். பழைய வயரை வெட்டி, நீ பாட்டுக்காக மாட்டிய ஆம்ப்ளிஃபையர் வயரோடு கையால் முறுக்கி, வண்டி பாடியின் பெயின்ட்டைக்கூடச் சுரண்டாமல் ஒரே ஒரு ஸ்குரூவில் மாட்டி, மேலே நீல டேப். நீ மஸ்கட்டுக்குப் புறப்படும் முன் ஆம்ப்ளிஃபையரைப் பிடுங்கி எடுத்தாயே, அப்போது அந்த ஸ்குரூவைத் திரும்ப முறுக்கவில்லை. சமதரையில் தொட்டுக்கொண்டிருக்கும். வளைவில் பாடி முறுகினால் விலகிக்கொள்ளும். அவ்வளவுதான். குரங்கணிக்குக் கூட்டாளிகளோடு போகும்போது பாட்டு சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதற்காக ஒரு ஸ்குரூ. மஸ்கட்டில் அடுத்தவன் வீட்டு ஏசியை இப்படித்தான் மாட்டுகிறாயா?

இடத்தைச் சுரண்டி, புது வயர் போட்டு இறுக்கிவிட்டேன். அன்றிலிருந்து ஃபேன் நிற்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். நீ விமானம் ஏறுகிற அன்று, பெட்டி கட்டிக்கொண்டிருந்த என்னிடம், "அக்கா, ஃபேனு அப்பப்ப நிக்கிது, டேஷ்போர்டுல ஒரு தட்டு தட்டுனா ஓடும், மாமாட்ட சொல்லிரு" என்றாய். உன் ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டே சரி என்றேன். சொல்ல மறந்துபோனேன். புதன்கிழமை அந்த நீல டேப்பைப் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த இடத்திலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். ரோஜாவிடமும் போய்ச் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது எனக்கு வேண்டியதுதான். நான் மறந்தேன். ஆனால் நீ மறக்கவில்லையே? ஃபேன் நிற்கும் என்று தெரிந்துகொண்டே, "தூங்கிருப்பாரு" என்று எழுதினாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

உன் மாமா என்ன சொன்னார் தெரியுமா? அந்த முறுக்கிய வயரைக் கையில் வைத்துக்கொண்டு, "சின்னப் பய, தெரியாமச் செஞ்சுட்டான். அவனுக்குச் சொல்லாத. ஒத்தையில கெடக்கான், மனசு ஒடஞ்சுருவான்" என்றார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. உன்னை அவர் திட்டியிருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அவர் திட்டாததால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது.

அதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மொக்கச்சாமி அண்ணன் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ரோஜாவும் இடது கையால் போட்டாள். தோட்டத்திலிருந்து பதில் இல்லை. இவர் இன்னும் குடோனுக்குத்தான் போகிறார். ஆனால் நேற்று காலை வேனைத் துடைத்து வைத்திருந்தார்.

நீ இரண்டு காரியம் செய்ய வேண்டும். எந்தக் குழுவில் எழுதினாயோ அதே குழுவில், அதே ஆட்கள் படிக்கும்படி, நடந்ததை உன் பெயரைப் போட்டு எழுது. என் மறதியையும் சேர்த்து எழுது, பரவாயில்லை. பிறகு மாமாவைக் கூப்பிடு. அவர் எடுக்க மாட்டார். எடுக்கும்வரை கூப்பிடு. எடுத்ததும் வெயில், வேலை என்று சுற்றி வளைக்காதே. "மாமா, நீங்க தூங்கல" என்று சொல். அந்த வார்த்தையை அவர் உன் வாயால் கேட்க வேண்டும்.

நிலவனிடம் பருப்புப்பொடியும் ஒரு பொட்டலம் ஏலக்காயும் கொடுத்திருக்கிறேன். ஏலக்காய் மாமா வாங்கியது. பச்சை குறையாததாக உனக்கென்று பொறுக்கி எடுத்தார். அக்கா திட்டிவிட்டாள் என்று சாப்பிடாமல் படுத்துவிடாதே. உன்னை நல்லபடியாக வைத்திருக்கும்படி தினமும் விளக்கின் முன் நிற்கிறேன், இன்றும் நின்றேன். சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு, தம்பி.

உன் அக்கா,
சந்திரவல்லி