ஆறு படங்களுக்கு நான் ஒட்டிய பொட்டு

என் அலமேலு அக்கா,

நீ போய் ஏழு மாசம் ஆகிவிட்டது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை. எழுத உட்கார்ந்தால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும், மறுநாள் மாமா போனில் கேட்டதையும் வைத்துக்கொண்டு இனி சும்மா இருக்க முடியாது. நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். அந்த வெட்கம் எனக்கு வேண்டும்.

திருப்பதியில் உள்ளூர் ஓவியர்களை உட்கார வைத்துப் பேச வைத்தார்கள். மேடையில் மூன்று நாற்காலி, ஒரு மைக், எதிரில் பாதிக்கு மேல் எங்கள் வீட்டு ஜனங்கள்தான். நான், பிரேம் கடை பாஸ்கர், கேள்வி கேட்க ஓர் அம்மா. எப்போது வரைவீர்கள் என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருப்பதால்தான் வரைய நேரமில்லை என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

உன்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நகரி பாசஞ்சரில் சீட்டு கிடைக்காமல் நின்றுகொண்டே நீ கிறுக்குவாயே, திருமலையில் முடி கொடுத்துவிட்டு, மொட்டைத் தலையில் சந்தனம் காய, தூங்கி வழிந்துகொண்டு ஊர் திரும்புகிற பெண்களை. நகரி வீட்டில் மாமாவின் தறி ஓடுகிற இரைச்சலில் அதை வண்ணத்தில் போடுவாய். உன்னை மாதிரி இந்தச் சீமையில் யார் வரைந்தார்கள்?

அப்புறம் அந்தம்மா தெலுங்கில், "மீ திருஷ்டிலோ சக்ஸஸ் அண்ட்டே ஏமிட்டி?" என்றார். உங்கள் பார்வையில் வெற்றி என்பது என்ன என்று கேட்கிறார். பாஸ்கர் மைக்கை இழுத்துக்கொண்டான். வெற்றி கிடக்கட்டும், ஒருத்தரை ஒருத்தர் தாங்கிப் பிடிப்பதுதான் பெரிசு என்றான். கண்காட்சியில் ஒரு படம் விற்றால் ஓரத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டுவார்கள். எங்கள் ஆள் ஒருத்தர் படம் விற்காவிட்டாலும் நாங்களே ஒட்டிவிடுவோம், பார்க்கிறவர்களுக்கு ஆசை வரும், வரைந்தவருக்கும் தெம்பு வரும் என்று பெருமையாகச் சொன்னான். அப்படி ஒரு கைதட்டல். நானும் தட்டினேன் அக்கா. உன் முகத்தை நினைத்துக்கொண்டே தட்டினேன்.

உன் படங்களில் இருந்த பொட்டும் நாங்கள் ஒட்டியதுதான். இதைத்தான் உன்னிடம் கடைசிவரை சொல்லவில்லை.

உனக்கு நடந்த ஒரே கண்காட்சி அது. கல்யாண மண்டபத்து மாடி ஹால், மூன்று நாள், பதினோரு படம். முதல் நாள் மதியம் வரை ஈ, காக்கை இல்லை. நீ சாப்பிடப் போனபோது பாஸ்கர் கண் காட்டினான். அவனிடம் ஸ்டிக்கர் இல்லை. நான் கைப்பையிலிருந்து, நெற்றிக்கு வைக்கிற ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தேன். இருப்பதிலேயே நல்ல படமாகப் பார்த்து ஆறுக்கு ஒட்டினோம். நல்லதைத்தானே முதலில் வாங்குவார்கள் என்று எங்கள் மூளை அவ்வளவு அழகாக வேலை செய்தது.

நீ திரும்பி வந்து பார்த்தாய். "இன்னாடி புவனா, ஆறா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். அங்கேயே மாமாவுக்குப் போன் போட்டு, "தறிய நிறுத்திட்டு கேளுங்க, ஆறு படம் வித்துப்போச்சு!" என்று கத்தினாய். அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது? மூன்று நாள் முடியட்டும், மெதுவாகச் சொல்லலாம் என்றான் பாஸ்கர். நானும் சரி என்றேன்.

மறுநாள் சித்தூரிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். புது வீட்டுக்குப் படம் தேடி வந்தவர்கள். உன் தாயும் குழந்தையும் படத்துக்கு முன்னால் அந்தப் பெண் நின்றுவிட்டாள். ரெண்டு மொட்டைத் தலையும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தூங்குமே, அந்தப் படம். "சின்ன வயசுல எனக்கு ஒடம்பு முடியாம பொழைச்சப்போ எங்கம்மாவும் இப்படித்தான் முடி குடுத்தாங்க" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இது கிடைக்குமா என்று கேட்டாள்.

"அது நேத்தே வித்துப்போச்சும்மா" என்றாய் நீ. உன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

நான் ரெண்டடி தள்ளித்தான் நின்றேன். கையை நீட்டி அந்தப் பொட்டை உரித்திருக்கலாம். உரித்தால் மற்ற ஐந்தும் பொய் என்று உனக்குத் தெரிந்துவிடும். உன் முகம் வாடுவதைப் பார்க்கப் பயந்துகொண்டு நின்றேன். அவர்கள் மிச்சப் படங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார்கள். பேர்கூட நான் கேட்டு வைக்கவில்லை. அதற்கப்புறம் யாரும் எதையும் கேட்கவில்லை.

பொட்டில்லாத ஐந்தையும் நீ சந்தோஷத்தில் சொந்தக்காரர்களுக்குச் சும்மாவே கொடுத்தாய். ஆறையும் பழைய புடவையில் சுற்றி, வாங்கியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று பாஸ்கர் கடையில் வைத்தாய். "யாரும் வரலியாடி?" என்று கேட்பாய். "ஊர்ல இல்லியாம்க்கா, வருவாங்க" என்பேன். எத்தனை முறை சொன்னேன்? பிறகு நீ கேட்பதை விட்டுவிட்டாய். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைப் பார்க்க வருவதும் நின்றது. வரைவதும் நின்றது. கேட்டால் தறி வேலை அதிகம் என்றாய். அப்புறம் ஒரு நாள் மார்வலி என்று கிளம்பி, புத்தூர் ஆஸ்பத்திரி வரைக்கும்கூட நீ வந்து சேரவில்லை.

திங்கட்கிழமை மாமா போன் செய்தார். தறிச் சத்தம் இல்லை.

"புவனாம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. அவ போட்ட படம் ஒண்ணுகூட ஊட்ல இல்ல. சொந்தக்காரங்களுக்கு குடுத்தத திருப்பிக் கேட்டா நல்லா இருக்காது. அன்னிக்கு வாங்கிக்கினு போனாங்களே, அவங்கள்ல ஒருத்தர் அட்ரஸ் குடு. நானே போயி, கால்ல உழுந்தாவது ஒண்ணு கேட்டு வாங்கிக்கினு வரேன்."

அவரே மேலும் சொன்னார்: "அந்தக் காசக்கூட நான் பாக்கலம்மா. பிரேமுக்கும் ஹாலுக்குமே சரியாப் போச்சுன்னு சொல்லிட்டா."

அக்கா, வராத காசுக்கு நீ கணக்குச் சொல்லியிருக்கிறாய்; அப்படியென்றால் உனக்குத் தெரிந்திருக்கிறது. எப்போது தெரிந்துகொண்டாய்? தெரிந்த பிறகு ஏன் என் கன்னத்தில் ஒன்று அறையவில்லை? எங்கள் பொய்யை வீட்டுக்கு எடுத்துப் போய், மாமாவிடம் நீயே காப்பாற்றி வைத்திருக்கிறாய். படங்களைத் தூக்கிக்கொண்டு நகரிக்குப் போக முடியாமல் போனதும் அதனால்தானா? உன்னைத் தாங்கிப் பிடிக்கிறோம் என்றுதான் நாங்கள் அதைச் செய்தோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆறு படங்களையும் எடுத்துக்கொண்டு நகரிக்குப் போகிறேன். இது உனக்குச் சத்தியம். ஒன்றுகூட விற்கவில்லை என்று மாமாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவர் என்னை வாசலோடு அனுப்பினாலும் படங்களை வைத்துவிட்டுத்தான் வருவேன். அந்தச் சித்தூர்ப் பெண் அழுததையும் சொல்வேன். பொய் கலக்காமல் உனக்குக் கிடைத்தது அந்த அழுகை ஒன்றுதான். அதைப் படியிறக்கி அனுப்பியவள் நான்.

உன் தங்கச்சி என்று சொல்லிக்கொள்ள இன்னும் ஆசைப்படுகிற,
புவனா
புத்தூர்